வார ஓய்வில் செத்தவன்

பழனிக்குத்தானே சார்? நானும் பழனிதான். ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. ரெண்டு நாளா உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. மொட்டை போடப் போறேன். எனக்காக இல்ல, எங்க வீட்டுக்காகவும் இல்ல. செத்துப்போன ஒரு சிநேகிதன் குடும்பத்துக்காக. இந்தக் காலத்துல அடுத்த வீட்டுக்காக யாரு சார் மொட்டை போடுறா? என் சம்சாரமே கேட்டா, உங்களுக்கென்ன கிறுக்கான்னு.

நான் ஜெயில்ல இருக்கேன். சார் ஏன் நகர்றீங்க, கைதி இல்ல, வார்டர். காவலுக்கு நிக்கிற ஆளு. எம்பேரு குணசீலன். போலீஸ் மாதிரியே காக்கிதான், ஆனா போலீஸ்னு ஒரு பய மதிக்க மாட்டான். பொண்ணு கேட்டுப் போனப்ப என் மாமனாரே "ஜெயில்லயா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. பதினாறு வருஷ சர்வீஸ் ஆச்சு. காலையில கதவைத் திறந்து தலையை எண்ணணும், சாயங்காலம் தலையை எண்ணிக் கதவைப் பூட்டணும். இவ்வளவுதான் வேலைன்னு வெளியில இருக்கிறவன் நெனைப்பான். உள்ள வந்து நின்னு பாத்தாத்தான் தெரியும்.

மாசிலாமணியும் நானும் ஒரே பேட்ச். ட்ரெயினிங்ல அவன் கட்டிலும் என் கட்டிலும் பக்கத்துப் பக்கத்துல. குவார்ட்டர்ஸ்லயும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவுல ஒரு செவுருதான். எங்க வீட்டுல குக்கர் விசில் அடிச்சா அவங்க வீட்டுல எண்ணுவாங்க. அவன் பொண்ணு யாழினியும் என் பொண்ணும் ஒரே கிளாஸ், ஏழாவது. என்னை மாமான்னுதான் கூப்பிடும். அந்த மாசிலாமணிதான் செத்தவன். ஏழு மாசம் ஆச்சு.

எப்படிச் செத்தான்னு கேக்கறீங்க. ஜெயில்ல ராத்திரிச் சோத்தைச் சாயங்காலம் அஞ்சு மணிக்கே குடுத்துடுவோம் சார். ஆறு மணிக்கெல்லாம் அடைச்சாகணும். சமையக்கட்டு வாசல்ல வரிசை நிக்கும். அன்னைக்குக் குழம்பு ஊத்துறதுல ரெண்டு கைதிக்குத் தகராறு. ஒருத்தன் ஆயுள்காரன், முரடன். இன்னொருத்தன் அறுபது வயசுக் கெழவன். அந்த முரடன் குழம்புக் கரண்டியை எடுத்துட்டான். வீட்டுக் கரண்டின்னு நெனைக்காதீங்க, இம்மாம் நீளம், இரும்பு. கெழவனை ஓங்கி அடிக்கப் போறான். மாசிலாமணி நடுவுல பாஞ்சுட்டான். காதுக்குப் பின்னால விழுந்துச்சு.

பாயக்கூடாது சார். விசிலை ஊதிட்டு, மத்தவங்க வர்ற வரைக்கும் தள்ளி நிக்கணும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கு. நானா இருந்தா ஊதிட்டு நின்னிருப்பேன். சத்தியமாச் சொல்றேன். எனக்கு எதையும் முறைப்படி செஞ்சுதான் பழக்கம்.

அதை ஏன் சொல்றேன்னா, அங்க நிக்க வேண்டியவன் நான்தான். அது என் டூட்டி. அவனுக்கு அன்னைக்கு வார ஓய்வு.

என் தங்கச்சி பரிமளா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும்? ஒரே தாய்மாமன் நான். நான் போகலைன்னா அவ புகுந்த வீட்டுல என்ன பேசுவாங்க? லீவு கேட்டேன். ஆள் இல்லைன்னு சூப்பிரண்டு எழுதித் திருப்பிட்டாரு. மாசிலாமணிதான் சொன்னான், நீ போடா, நான் உம்பேர்ல நிக்கிறேன்னு.

இது எங்க இடத்துல சாதாரணம் சார். நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது. மாத்தாளா நிக்கிறதுன்னு சொல்லுவோம். எழுதிக் குடுத்து அனுமதி வாங்கித்தான் மாத்திக்கணும்னு விதி இருக்கு. எழுதிக் குடுத்தா எவன் அனுமதி குடுப்பான்? அதனால நாங்களே பேசி மாத்திக்குவோம். கேட்டுல ஒரு நோட்டு இருக்கும், உள்ள போறவன் நேரத்தைப் போட்டு கையெழுத்துப் போடணும். மாத்தாளா போறவன், யாருக்காகப் போறானோ அவன் கையெழுத்தையே போட்டுட்டுப் போயிடுவான். கேட் ஏட்டு அந்த நேரம் பாத்து தலையைத் திருப்பிக்குவாரு. அவரும் ஒரு காலத்துல மாத்தாளா நின்னவருதானே. யாழினி பொறந்தன்னிக்கு மூணு நாள் அவன் பேர்ல நான் நின்னேன். அதுக்காக யாரும் எனக்கு மாலை போடல. பதினாறு வருஷத்துல அவன் கையெழுத்து எனக்கு அத்துப்படி, என் கையெழுத்து அவனுக்கு அத்துப்படி. என்னைவிட அவன் அழகாப் போடுவான்.

அன்னைக்கும் போட்டிருக்கான். மத்தியானம் ஒண்ணு அம்பதுக்கு, குணசீலன்னு.

நான் மண்டபத்துல பாப்பாவை மடியில வெச்சிருக்கேன். ஆசாரி காதைப் பிடிச்சு குத்திட்டாரு, புள்ள வீல்னு கத்துது, எல்லாரும் சிரிக்கிறாங்க, போட்டோக்காரன் மாமா இங்க பாருங்கன்னு கூப்பிடுறான். கடா வெட்டிருந்தாங்க. பந்தி முடிஞ்சு, மாப்ள வீட்டாளுங்களோட பேசிட்டு உக்காந்திருக்கேன். ஆறு மணிக்குப் பரிமளா போனுக்கு ஒரு கால் வருது, அவ என்கிட்ட நீட்டுறா. அவருக்கு அடிபட்டுடுச்சாம், ஜிஎச்சுக்குக் கொண்டு போயிருக்காங்களாம்னு என் சம்சாரம் செல்வராணி அழுவுறா. ஆமா சார், எனக்குத்தான் அடிபட்டுதுன்னு முதல்ல சேதி. நோட்டுல என் பேருதானே இருக்கு. நான் டூட்டிக்குத் திரும்பிட்டேன்னு அவ நெனச்சுட்டா. நான்தான்டி பேசுறேன், நான் மண்டபத்துல இருக்கேன்னேன். அவ அழுகை நின்னுச்சு. அப்புறம் சொன்னா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, என் தாலி பாக்கியம்னு. பொம்பளை, அந்த நேரத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டா. செவுத்துக்கு அந்தப் பக்கம் கலைவாணி இருந்திருக்கு. மாசிலாமணி சம்சாரம். அதுக்குக் கேட்டிருக்கு.

வண்டியை எடுத்துக்கிட்டு நாப்பது கிலோமீட்டர் பறந்தேன். நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் சார் கிளம்பினேன். பாதி வழியில சூப்பிரண்டுகிட்டருந்து போன். முதல்ல ஜெயிலுக்கு வா, யூனிபார்மைப் போட்டுக்கிட்டு வா.

போனேன். ரூம்ல அவரும் கேட் ஏட்டும் மட்டும். ஃபேன் ஓடுது, அவருக்கு வேர்த்துக் கொட்டுது. நோட்டுல நீ உள்ள இருக்க, அப்ப நீ உள்ளதான் இருந்திருக்கன்னாரு. கேமராவைக் கேட்டேன். அது ரிப்பேர்னு சொல்லிட்டாரு. நீ மாத்திச் சொன்னா உன் வேலையும் போகும், அவன் வேலையும் போகும், கள்ளக் கையெழுத்துப் போட்டவன்னு அவனை டிஸ்மிஸ் பண்ணிட்டா அவன் பொண்டாட்டி புள்ளைக்குச் சல்லிக்காசு வராது, யோசிச்சுக்கோன்னாரு. நியாயம்தானே சார்? அவன் குடும்பத்தை நெனச்சுத்தான் நான் எழுதினேன். நான் பணியில் இருந்தேன், தலை எண்ணிக்கைக்காக அடுத்த பிளாக் சென்றிருந்தேன், திரும்பி வந்தபோது காவலர் மாசிலாமணி கீழே கிடந்தார். அவரு சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில ஒரு வரி. வார ஓய்வில் இருந்த அவர் எதற்காக உள்ளே வந்தார் என்பது எனக்குத் தெரியாது.

தெரியாதுன்னுதான் எழுதினேன் சார். தப்பா ஒரு வார்த்தை, அவனைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை எழுதல. வேணும்னா ஃபைலை எடுத்துப் பாக்கட்டும்.

அப்ப அவனுக்கு உசிரு இருந்துச்சு. பொழைச்சுக்குவான்னு நெனச்சேன். எழுந்து உக்காந்தா அவனே சொல்லிக்கட்டும், ரெண்டு பேரும் சேந்து சூப்பிரண்டு கால்ல விழுந்துடலாம்னு நெனச்சேன். மூணாம் நாள் விடிகாலையில போயிட்டான். ஒரு வார்த்தை பேசல.

அவன் காரியம் எல்லாத்தையும் நான்தான் முன்ன நின்னு செஞ்சேன். கேட்டுப் பாருங்க குவார்ட்டர்ஸ்ல. பந்தல்காரன், மேளம், வண்டி, எல்லாம் நான். பாடையில முதல் ஆளு நான். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் இருக்குல்ல, பத்துக்கு எட்டு, அதையும் நானே அடிச்சேன். கடமையின்போது இன்னுயிர் ஈந்த எங்கள் மாசிலாமணிக்குன்னு போட்டு, கீழ என் பேரு. வாசல்ல கட்டியாச்சு. சூப்பிரண்டு மாலை வைக்க வந்தாரு. அந்த வரியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. மாலையை வெச்சுட்டுக் கிளம்பிட்டாரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. வெள்ளைப் பேப்பரும் பசையும் வாங்கிட்டு வந்து, ஏணி போட்டு ஏறி, 'கடமையின்போது'ங்கிறது மேல ஒட்டினேன். வேற எவனாவது கிழிச்சு எறியறதுக்கு முன்னால நாமளே மரியாதையாச் செஞ்சுடலாம்னுதான். ஏணியில இருந்து இறங்குறேன், கலைவாணி வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருக்கு. தலைவிரி கோலமா.

டூட்டியில செத்தவனுக்குன்னு சில மரியாதை இருக்கு சார். துப்பாக்கி முழங்கும், பெரிய ஆபீசர் வந்து சல்யூட் அடிப்பாரு, பெட்டி மேல கொடி போத்துவாங்க. அதெல்லாம் இல்ல. போகட்டும், செத்தவனுக்குக் கொடி எதுக்கு. ஆனா உசிரோட இருக்கிறவங்களுக்குன்னும் இருக்கே. அரசாங்கம் குடுக்கிற நிவாரணம், தனிப் பென்ஷன், சம்சாரத்துக்கு வாரிசு வேலை, புள்ளைக்குப் படிப்பு. அது ஒண்ணுமே வரல. வார ஓய்வுல இருந்தவன் எதுக்கு உள்ள போனான்னு ஃபைல்ல ஒருத்தன் கேள்வி எழுதினான். அடுத்தவன், அதுவும் யூனிபார்மைப் போட்டுக்கிட்டு எதுக்குப் போனான்னு எழுதினான். மூணாவது மேசைக்குப் போறதுக்குள்ள கைதிங்களுக்குக் கஞ்சா குடுக்கப் போனானோன்னு ஆயிடுச்சு. விசாரணை முடியற வரைக்கும் எதுவும் கிடையாதுன்னு நிறுத்தி வெச்சுட்டாங்க. சாதாரணமாச் செத்தா வர்ற பென்ஷன்கூட வரல.

மாசிலாமணி பீடிகூடக் குடிக்க மாட்டான் சார். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா? டீக்கடையில பேசிக்கிறானுங்க. ஸ்கூல்ல எவளோ ஒருத்தி யாழினிகிட்ட, உங்கப்பா கஞ்சா விக்கப் போயி செத்தாராமேன்னு கேட்டிருக்கா. என் பொண்ணு வந்து சொல்லிச்சு. அன்னைக்கு நான் சாப்பிடல. எங்கிருந்துதான் இப்படிக் கிளப்பி விடுறானுங்களோ, அவனுங்க நாக்கு அழுவ.

கலைவாணி முதல்ல கோபமால்லாம் வரல. அண்ணே அண்ணேன்னுதான் வந்துச்சு. இப்ப ஒரு ஜவுளிக்கடையில நிக்குது, காலையில ஒன்பதுலருந்து. கால் வீங்கிப்போயி, வேலை முடிஞ்சு நேரா எங்க வீட்டு வாசலுக்கு வந்துச்சு. கையில ஒரு வெள்ளைப் பேப்பர். செல்வராணி காப்பி குடுத்தா, வாங்கல. நான் ஒரு சிப்பம் அரிசி வாங்கி வெச்சிருந்தேன் அவங்களுக்குன்னு. எடுத்துட்டுப் போம்மான்னேன்.

"அரிசி வேண்டாண்ணே. நீங்க கெட்டவர்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு மட்டும் இதுல எழுதிக் குடுங்க."

இவ்வளவுதான் கேட்டுச்சு. நான் அரிசிச் சிப்பத்தை அது பக்கமாத் தள்ளினேன் சார். செல்வராணிதான் நடுவுல வந்தா. உன் புருஷன் போயிட்டாரு, அதுக்காக எம்புருஷனையும் தெருவுல நிறுத்தணுமா, எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குன்னு சொல்லிட்டா. கொஞ்சம் காட்டமாத்தான் சொல்லிட்டா. கலைவாணி அவளை ஏறெடுத்துப் பாக்கல. என்னையே பாத்துச்சு. அப்புறம் அந்தப் பேப்பரைத் திண்டு மேல வெச்சு, பறக்காம இருக்க எங்க செருப்பையே எடுத்து மேல வெச்சுட்டுப் போயிடுச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. கரண்டியைத் தூக்குனவன் எவனோ, வாங்கிக் கட்டிக்கிறது நான்.

அதுக்கப்புறம் பேச்சு இல்ல. தீபாவளிக்குப் பலகாரம் குடுத்தனுப்பினேன், தட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. யாழினி மட்டும் என்னைப் பாத்தா இன்னும் மாமான்னு சொல்லும். சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்.

போட்டோ விஷயம் ஒண்ணு இருக்கு. பரிமளா அந்தக் காதுகுத்துப் போட்டோவை ஃபேஸ்புக்ல போட்டிருந்தா. தேதியோட. நான் பாப்பாவை மடியில வெச்சிருக்கேன், பின்னால மண்டபத்துக் கடிகாரம்கூடத் தெரியுது. எடுத்துடும்மா, புள்ளைக்குக் கண்ணு படும்னேன். எடுத்துட்டா. கலைவாணி அவளைத் தேடிக்கிட்டு அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயிருக்கு. ஆல்பம் இருந்தாப் பாக்கணும்னு கேட்டிருக்கு. ஃப்ரேம் போடக் குடுத்திருக்கேன்னு பரிமளா சொல்லி அனுப்பிட்டா. ஆல்பம் எங்க வீட்டு பீரோவுலதான் இருக்கு. கொளுத்திடுங்கன்னா செல்வராணி. நான் ஒத்துக்கல. நல்ல காரியத்துப் போட்டோவைக் கொளுத்தலாமா சார், குடும்பத்துக்கு ஆகாது. எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு.

தூக்கம் வருதா? எனக்குத் தூக்கம் போயி ஏழு மாசம் ஆச்சு. கண்ணை மூடினா அந்தச் சமையக்கட்டு வாசல் வருது. அன்னைக்கு நான் அங்க இல்லவே இல்ல, ஆனா எனக்குத் தெளிவாத் தெரியுது. நான் நிக்கிறேன், விசிலை வாயில வெச்சிருக்கேன், ஊத வரல. முந்தாநாள் பந்தியில ஒருத்தன் எனக்குச் சாம்பார் ஊத்தக் கரண்டியை நீட்டுறான், நான் இலையை விட்டு எந்திரிச்சு ஓடிட்டேன். சிரிக்கிறாங்க எல்லாரும். பயமா இருக்கு சார். எதுக்குப் பயம்னு கேட்டா சொல்லத் தெரியல. வேலை போயிடும்னு ஒரு பயம். பொய்யா எழுதிக் குடுத்ததுக்குக் கேஸ் போட்டு, நான் பூட்டின ரூம்லயே என்னைப் போட்டுப் பூட்டிடுவாங்கன்னு ஒரு பயம். வார்டரா இருந்தவன் உள்ள கைதியாப் போனா என்ன ஆவான்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முருகா.

கலைவாணி சும்மா இருக்கல. கலெக்டர், மந்திரி, எல்லாருக்கும் எழுதிப் போட்டுச்சு. கடைசியில மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய ஆபீசரை அனுப்பியிருக்காங்க, மறுவிசாரணைன்னு. ஒரு அம்மா. கண்டிப்பானவங்க, காசுக்கோ சிபாரிசுக்கோ மசியாதவங்கன்னு பேரு. இந்த மாசக் கடைசியோட அவங்க ரிட்டயர்டு. அதுக்குள்ள எழுதி முடிச்சாகணும். முடிச்சா முடிஞ்சதுதான், அதுக்கு மேல ஃபைலை எவனும் திறக்க மாட்டான். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி கலைவாணிக்கு நோட்டீஸும் குடுத்தாச்சு, அதுவும் இந்த மாசக் கடைசிதான். அந்த அம்மா எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டாங்களாம். கேட் ஏட்டு கவனிக்கலைன்னுட்டாரு. மத்தவங்க எல்லாம், குணசீலனைக் கேளுங்க, அவன் டூட்டிதானேன்னுட்டானுங்க. பாத்தீங்களா, அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு என் தலையில கட்டுறானுங்க. இப்படியும் மனுஷங்க இருக்காங்க. செத்தவனுக்காக ஒரு உண்மையைச் சொல்ல ஒருத்தனுக்குத் துப்பு இல்ல.

எனக்கு மெமோ வந்துச்சு. நானும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நேர்ல ஆஜராகணும், பதினோரு மணிக்கு.

எப்பவா? இன்னைக்குத்தான் சார்.

இருங்க, இருங்க. சும்மா வந்துடல. டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வெச்சிருக்கேன், காய்ச்சல்னு. பொய்யில்ல சார், கையைத் தொட்டுப் பாருங்க, கொதிக்குதா இல்லையா? செல்வராணிதான் ஏற்பாடு பண்ணினா. காலையில கிளம்பறப்ப நிஜமாவே ஜெயிலுக்குத்தான் கிளம்பினேன். சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டேன், பாத்தீங்களா மடிப்பு. வாசல்ல கலைவாணி நின்னுச்சு, யாழினியும் நின்னுச்சு, ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு. நான் சட்டையைத் தேய்ச்சுப் போட்டிருக்கிறதைப் பாத்துட்டு கலைவாணி மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. இத்தனை மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வாயைத் திறந்து, வாங்கண்ணேன்னுச்சு. அந்த ஒரு வார்த்தை சார். நான் தலையை ஆட்டினேன். நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்னேன். பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் ஜெயிலுக்குப் போகணும். பழனி பழனின்னு கண்டக்டர் கூப்பிட்டுக்கிட்டிருந்தான். முருகனே கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. எப்படியும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழி பொறந்தா மொட்டை போடுறேன்னு வேண்டியிருந்தேன். கடனை முன்னாடியே கட்டிட்டா அவன் சீக்கிரம் வழி விடுவான்லன்னு தோணுச்சு. ஏறிட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க சார். நீங்க நல்லவரு மாதிரி தெரியுதுன்னுதான் இவ்வளவும் சொல்றேன்.

இது ஒட்டன்சத்திரம்தானே? பத்து நிமிஷம் நிப்பாட்டுவான். ஒண்ணுக்குப் போறவங்க போயிட்டு வரலாம். மணி என்ன உங்களுக்கு? பத்தே முக்கால். ஆமா, அந்தாண்ட நிக்கிறது திரும்பிப் போற பஸ்தான். எனக்கும் தெரியுது. இப்ப ஏறினா ஒரு மணிக்குப் போயிடலாம். அந்த அம்மா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் இருப்பாங்கன்னுதான் மெமோல போட்டிருக்கு. போகலாம்தான். போயி என்ன சொல்லணும்? நான் மண்டபத்துல இருந்தேன், அவன் எனக்காக நின்னான். அவ்வளவுதானே. ஒரு மூச்சுல சொல்லிடலாம். உங்ககிட்டச் சொல்லிட்டேனே, எவ்வளவு சுலபமா வந்துச்சு பாருங்க.

போன் அடிக்குது. கலைவாணி நம்பர். காலையிலருந்து இது ஒன்பதாவது தடவ. எடுக்கலைன்னா அடிச்சுக்கிட்டே இருக்கும். சார், நீங்க எடுத்து, போனை பஸ்ல விட்டுட்டு இறங்கிட்டாருன்னு சொல்லிடறீங்களா? வேண்டாமா. சரி சரி, நானே எடுக்கிறேன்.

ஹலோ. யாரு, யாழினியா. சொல்லுடா கண்ணு. ம். ம். அம்மா எங்க? உள்ள இருக்காங்களா. சரி. மாமா வர்றாருன்னு உங்கம்மா ஆபீசர்கிட்டச் சொல்லிட்டாங்களா. ஆபீசரம்மா என்ன சொன்னாங்க? அவரு வந்தப்புறம்தான் சாப்பிடுவேன்னு சொன்னாங்களா. ம். இல்லடா, டிராஃபிக்கு. வந்துக்கிட்டே இருக்கேன். பக்கத்துலதான். வந்துட்டேன்னு சொல்லு. நீ சாப்பிட்டியா? வெயில்ல நிக்காத, அந்த வேப்பமரத்துக்கிட்ட போயி நில்லு. வந்துட்டேன் கண்ணு. வெச்சுடறேன்.

அழுவல சார். கண்ணுல தூசி, நீங்க ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கீங்க. புள்ளைகிட்ட வரலைன்னு எப்படி சார் சொல்றது, மனசு கேக்குமா?

இல்ல, போறேன். போயிடறேன். நீங்க சொல்றதுதான் சரி. எங்க என் பை? மேல இருக்கு. அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்க, எடுத்துக்கிறேன். பாருங்க எந்திரிச்சுட்டேன். அந்த பஸ் இன்னும் நிக்குதா? நிக்குது. இறங்கிடறேன். ஒரு நிமிஷம் இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிறேன்.

என்னது, வண்டியை எடுத்துட்டானா? பத்து நிமிஷம் நிப்பாட்டுவான்னு நெனச்சேனே. கண்டக்டர் விசில் குடுத்துட்டான். நீங்க ஏன் சார் கத்தி நிறுத்தறீங்க, வேணாம், விடுங்க. ஓடுற பஸ்ல எப்படி இறங்க முடியும், விழுந்து கைகால் போனா என் குடும்பத்துக்கு யாரு இருக்கா? நிறுத்திட்டானா? இல்ல இல்ல, போகச் சொல்லுங்க. போப்பா நீ, யாரும் இறங்கல. அந்த பஸ்ஸும் கிளம்பியிருக்கும். இனிமே போயி பிரயோஜனம் இல்ல. உக்காந்துடறேன்.

முருகன் விட்டது அவ்வளவுதான். நம்ம கையில என்ன இருக்கு.

ஆனா நீங்க பாத்தீங்கல்ல சார்? நான் இறங்கணும்னு எந்திரிச்சேன். பையை எடுத்தேன். நீங்க பக்கத்துலயே இருந்து பாத்தீங்க. நாளைக்கு கலைவாணியோ அந்த அம்மாவோ என்னைக் கேப்பாங்க, வேணும்னே வராம இருந்துட்டியான்னு. உங்க பேரும் போன் நம்பரும் இதுல எழுதிக் குடுங்க. கேட்டா, இந்த ஆளு எந்திரிச்சான், வண்டிதான் நிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

ஏன் சார் பேனாவை வாங்க மாட்டேங்கறீங்க? பாத்ததைப் பாத்தேன்னு சொல்லப் போறீங்க. இதுகூடவா ஒரு மனுஷனுக்கு மனுஷன் செய்யக்கூடாது?